மந்தைக்கு நாடகம் கொண்டுவருகிறவர்கள்

தை மாத அறுவடை முடிந்து, பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் நின்று, வயல்களெல்லாம் வெடித்துக் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், மேலூரைச் சுற்றியிருக்கும் கிராமங்களின் டீக்கடைச் சுவர்களிலும், பஸ் நிற்கும் இடங்களிலும், மந்தை என்னும் ஊர்ப் பொதுத்திடலின் புளியமரத்து அடியிலும் கூட வர்ணக் காகிதத்தில் அச்சிட்ட நாடக நோட்டீஸ்கள் தென்படத் தொடங்கும். மேலூர் வட்டாரம் பெரும்பாலும் ஒருபோகப் பாசனப் பிரதேசம். 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்ட காலம் முதல் அந்த நீரை எதிர்பார்த்து வாழ்கிற பூமி. ஆகையால் இங்கே விளைச்சலுக்கு ஒரு காலமும், விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துச் சாமிக்குச் செலவிடுவதற்கு மற்றொரு காலமும் என்று ஆண்டே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காப்புக் கட்டு, முளைப்பாரி, புரவி எடுப்பு, மஞ்சுவிரட்டு என்று அடுத்தடுத்து நடக்கும் அந்தத் திருவிழாக்களில் ஓர் இரவு நாடகத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். பத்து மணி சுமாருக்குத் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரையில், வள்ளி திருமணமோ, அரிச்சந்திர மயான காண்டமோ, பவளக்கொடியோ, சத்தியவான் சாவித்திரியோ அந்த மந்தையில் நடக்கும்.

அந்த நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்தால், உச்சியில் ஊர்த் தெய்வத்தின் பெயரும், அதன் கீழ் ஊர், வட்டம், நாள், நாடகத்தின் பெயர் ஆகியவையும், நடுவே வரிசை வரிசையாக நடிகர் நடிகையரின் படங்களும், அவற்றுக்கடியில் அவரவர் பெயரோடு சொந்த ஊரும் இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் மற்றொரு பெயரும் இருக்கும். அது நாடகத்தை ஏற்பாடு செய்த ஏஜெண்டின் பெயர். அமைப்பாளர் என்றும் அவரைச் சொல்வதுண்டு. ஜனங்கள் படத்திலிருக்கும் நாயகனான ராஜபார்ட்டையும் நாயகியான ஸ்திரீபார்ட்டையும் கோமாளியான பபூனையும் அடையாளம் கண்டு மகிழ்வார்களேயன்றி, கடைசி வரியில் இருக்கும் அந்தப் பெயரை நின்று படிப்பவர் மிகச் சிலர். ஆனால் அன்றிரவு மேடையில் யார் யாரோடு பேச வேண்டும், யார் பாட்டுக்கு யார் பதில் பாட வேண்டும், எந்த ஊருக்கு எந்தக் குரல் பொருந்தும் என்பதையெல்லாம் நிச்சயம் செய்தவர் அவரே.

பெருநகரங்களில் இப்பொழுது விளம்பர நிறுவனங்களும் கலை ஏற்பாட்டு நிறுவனங்களும் ஊர்க் காரியங்களில் ஈடுபடுவதைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் உயர்ந்த சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பெரிய ஓவியங்களைத் தீட்டுவித்தது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் அழைத்து வந்தது. இவை நல்ல காரியங்களே. எனினும், கலைஞனுக்கும் ஊருக்கும் நடுவே நின்று, இருவருக்கும் உத்தரவாதம் சொல்லி, ஓர் இரவை உருவாக்கிக் கொடுக்கும் தொழில் மதுரையில் மூன்று நான்கு தலைமுறைகளாக நடந்து வருகிறது என்பதும், அதற்குக் கட்டுப்பாடும் சம்பிரதாயமும் தனி நுட்பமும் உண்டு என்பதும், படித்தவர்கள் நடுவில் கூடப் பரவலாகத் தெரியாமலே இருக்கின்றன.

இந்தத் தொழிலின் தன்மையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், மேலூர் மந்தைகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் என்பது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தெருவில் விடியவிடிய நடந்த கூத்தின் கதைகளை எடுத்து, அவற்றைச் சங்கீதமும் வசனமும் கலந்த மேடை நாடகங்களாக வகுத்துக் கொடுத்தவர். 1918-இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையை நிறுவினார். சிறு பிள்ளைகளைச் சேர்த்து, உணவும் உறைவிடமும் கொடுத்து, பாட்டையும் பாடத்தையும் மனனம் செய்வித்துப் பல ஊர்களுக்கும் அழைத்துச் சென்று நடிப்பிக்கும் அந்தக் கம்பெனி முறையில் வளர்ந்தவர்கள்தாம் டி.கே.எஸ். சகோதரர்கள். 1922-இல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அவருக்குப் பின்னும் கம்பெனிகள் சில காலம் செழித்திருந்தன. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தான் பிள்ளைப் பிராயத்து எம்.ஜி.ஆர். வேஷம் கட்டினார். 1931-இல் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்த பிறகு, ஜனங்களும் நடிகர்களும் மெல்ல மெல்லச் சினிமாக் கொட்டகையின் பக்கம் திரும்பினார்கள்.

கம்பெனிகள் கலைந்தாலும், சுவாமிகள் வகுத்த நாடகங்கள் கலையவில்லை. அவற்றை மனப்பாடமாக வைத்திருந்த நடிகர்கள், கம்பெனியின் சம்பளக்காரர்களாக இல்லாமல், தனித்தனி ஆட்களாக ஓர் இரவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு நடிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. இதுவே ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, டைரக்டர் இல்லை, ஒத்திகையும் இல்லை. முருகனாக வருகிறவர் புதுக்கோட்டையிலிருந்தும், வள்ளியாக வருகிறவர் மதுரையிலிருந்தும், நாரதர் காரைக்குடியிலிருந்தும், பபூன் திண்டுக்கல்லிலிருந்தும் புறப்பட்டு, இதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்திராமலே கூட, இரவு ஒன்பது மணிக்கு ஒரு கிராமத்து வீட்டில் அரிதாரம் பூச உட்காருவார்கள். நாடகத்தின் பாதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகளும் தெரியும். ஆனால் அன்றிரவு என்ன பேசப்போகிறார்கள் என்பது மேடையேறும் வரையில் எவருக்கும் தெரியாது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் சூசன் சீசர் மதுரையில் பல காலம் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி எழுதிய நூல் 2005-இல் வெளிவந்தது. இந்த நாடகத்தைப் பற்றி அத்தனை விரிவாக ஆராய்ந்த புத்தகம் அயல்நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

டைரக்டர் இல்லாத நாடகத்தில் டைரக்டரின் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டால், மேடையில் அதை ஆர்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரர் செய்கிறார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். சுருதி பிடித்துக் கொடுப்பதும், பாட்டை எடுத்துக் கொடுப்பதும், காட்சி நீண்டுவிட்டால் குறிப்பால் உணர்த்துவதும் அவரே என்பது உண்மை. ஆனால் அந்த நாடகத்தின் உள்ளடக்கத்தில் ஒரு பெரும் பகுதி, அதற்கு நாலைந்து மாதங்களுக்கு முன்பே, ஏஜெண்ட் தம்முடைய டைரியில் தேதிக்கு எதிரே பெயர்களை எழுதும் அந்தக் கணத்தில் நிச்சயமாகிவிடுகிறது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் காவல் இருக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து பேசுகிறார். அதன்பின் முருகன் வேடனாகவும், விருத்தனாகவும் வந்து வாதாடுகிறான். கதை என்று பார்த்தால் இதைக் கால்மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் விடியவிடிய உட்கார்ந்திருப்பது, கதை எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள அல்ல. நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்காக. ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறம் உயர்ந்ததா துறவறம் உயர்ந்ததா, பக்திக்கு ஜாதி உண்டா என்று எந்தத் திசையில் வேண்டுமானாலும் அது போகும். திருக்குறளிலிருந்து அன்றைய செய்தித்தாள் வரையில் எதுவும் அதில் புகுந்துகொள்ளும். இப்படிப்பட்ட தர்க்கத்தில், நன்றாகப் பேசும் நாரதருக்கு எதிரில் பேச்சில் தளர்ந்த வள்ளியை நிறுத்தினால் நாடகம் ஒருதலையாகச் சாய்ந்துவிடும். இருவரும் சமபலம் உடையவர்களாக இருந்து, ஆனால் இருவருக்கும் ஒருவர்மீது ஒருவர் மரியாதை இல்லாமற்போனால், தர்க்கம் சண்டையாக மாறிவிடும். பாட்டிலும் இதே நுட்பம் உண்டு. ராஜபார்ட் உச்சஸ்தாயியில் கணீரென்று பாடுகிறவராயிருக்க, ஸ்திரீபார்ட்டுக்கு அந்தக் கட்டையில் பாட முடியாமற்போனால், இருவரும் சேர்ந்து பாடும் இடங்கள் கேட்பதற்குத் துன்பமாகிவிடும். இவ்வளவையும் மனத்தில் வைத்து ஜோடி சேர்ப்பதுதான் ஏஜெண்டின் வித்தை.

ஒரு ஜோடியைச் சேர்த்தது சரித்திரத்தையே மாற்றிய சம்பவம் ஒன்று நம் நாடக உலகத்தில் உண்டு. 1920-களில் கொழும்பில் கே.பி. சுந்தராம்பாள் நடித்துப் புகழ் பெற்றிருந்த சமயத்தில், அங்கு நாடகம் ஏற்பாடு செய்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து எஸ்.ஜி. கிட்டப்பாவை வரவழைத்து அவரோடு ஒரே மேடையில் நிறுத்தினார்கள். இருவரும் ஒப்பற்ற சாரீரம் படைத்தவர்கள். இருவரும் தனித்தனியே கொட்டகையை நிரப்பக்கூடியவர்கள். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் ஈடுகொடுப்பாரா என்ற சந்தேகமே ஜனங்களை இழுத்தது. அவர்கள் சேர்ந்து நடித்த வள்ளி திருமணம் அதன்பிறகு தமிழ் வழங்கும் இடமெல்லாம் பேசப்பட்டது. 1933-இல் கிட்டப்பா இளவயதிலேயே காலமாகிவிட்டபோதிலும், அந்த ஜோடியின் பெயர் இன்றைக்கும் நாடகக்காரர்களின் நாவில் இருக்கிறது. இருவரையும் புகழாத நூல் இல்லை. அவர்களைச் சேர்க்கலாம் என்று முதலில் நினைத்தவரைப் பற்றி எழுதியவர்கள்தாம் மிகச் சிலர்.

நாடகம் பேசி முடிப்பதற்கென்று மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு ஆட்கள் புறப்படுவது, பெரும்பாலும் காப்புக் கட்டும் தேதி நிச்சயமான உடனே நடக்கும். ஊர்த் தலைவர்களான அம்பலகாரர்களில் ஒருவர் இருவர், கரை எனப்படும் ஊர்ப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், விழாவுக்குப் பணம் வசூலிக்கும் இளைஞர்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள். ஊரிலே தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று விதித்து வசூலித்த பணத்தில், சாமிக்கு இவ்வளவு, மைக்செட்டுக்கும் பந்தலுக்கும் இவ்வளவு, நாடகத்துக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே பிரித்திருப்பார்கள். சில ஆண்டுகளில், பிள்ளை பிறந்ததற்கோ, வியாதி தீர்ந்ததற்கோ, வெளிநாட்டு வேலை கிடைத்ததற்கோ நேர்த்திக்கடனாக, ஒரே குடும்பம் நாடகச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஏஜெண்டின் முன் வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை வைத்துவிட்டு, அவர்கள் சொல்வது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “போன வருஷம் வந்த நாரதர் சரியாவே பேசலண்ணே. இந்த வருஷம் பேசுற ஆளாப் போடுங்க. வள்ளி வேஷத்துக்கு வந்த அக்காவையே திரும்பவும் கூப்பிடுங்க, பொம்பளையாளுக எல்லாம் கேக்குறாக.”

இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு கிராமத்தின் ரசனை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை அந்த ஏஜெண்ட் அறிவார். அந்த ஊரிலே சென்ற ஆண்டு யார் நடித்தார்கள், எந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது, எந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து போனார்கள், இரண்டு கரைகளுக்கிடையே பூசல் இருக்கிறதா, பபூனின் பேச்சு சற்று எல்லை மீறினால் அங்குள்ள பெரியவர்கள் பொறுப்பார்களா, பொறுக்கமாட்டார்களா என்பதெல்லாம் அவருக்கு ஞாபகத்தில் இருக்க வேண்டும். ஏஜெண்டுகளில் பலர் ஒரு காலத்தில் தாங்களே மேடையேறியவர்களாகவோ, வாத்தியம் வாசித்தவர்களாகவோ இருப்பது இந்த ஞாபகத்துக்கு உதவுகிறது. டெலிபோன் அரிதாக இருந்த நாட்களில், நடிகரின் தேதியைத் தெரிந்துகொள்ள அவருடைய வீட்டுக்கே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அட்வான்ஸ் கை மாறினாலன்றித் தேதி உறுதியாவதில்லை. கொடுத்த தேதிக்கு வராமற்போன கலைஞரைப் பற்றியும், பேசிய சம்பளத்தைக் கொடுக்காமற்போனவரைப் பற்றியும் புகார் எழுந்தால், அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. மதுரையில் இருக்கும் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கமும், புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களிலுள்ள சங்கங்களும், பத்திரத்தைவிட வாய்வார்த்தை மிகுந்த இந்தத் தொழிலுக்கு நெறியைக் கொடுத்து வருகின்றன. ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளின் குருபூஜையை நடத்துகிறவர்களும் இந்தச் சங்கத்தாரே.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இதையொத்த ஏற்பாடுகள் உண்டு. கல்கத்தாவின் சித்பூர் சாலையில் ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. ரத யாத்திரை நாளில் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து அந்த வருஷத்து நாடகங்களுக்குப் பணம் கட்டி முன்பதிவு செய்வது அங்கே வழக்கம். மகாராஷ்டிரத்தில் புனா மாவட்டத்து நாராயண்காவில், குடி பாட்வா பண்டிகையையொட்டித் தமாஷா கோஷ்டிகள் தற்காலிகக் கூடாரங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஊர்ப் பெரியவர்கள் கூடாரம் கூடாரமாகச் சென்று பேரம் பேசுவார்கள். ஆனால் சித்பூரிலும் நாராயண்காவிலும் விலை பேசப்படுவது ஒரு முழுக் கோஷ்டிக்கு. ஒத்திகை பார்த்து, பாத்திரங்களைப் பங்கிட்டு, தயாராக வைத்திருக்கும் நாடகத்துக்கு. மதுரையில் அப்படியன்று. இங்கே ஊரார் வந்து பேசும்போது நாடகம் என்று ஒன்று இன்னும் உண்டாகவே இல்லை. அந்த ஊருக்கென்றே, அந்தத் தேதிக்கென்றே, அது புதிதாகச் சேர்க்கப்படுகிறது. மறுநாள் காலையில் அந்தச் சேர்க்கை கலைந்துவிடும். அதே எட்டுப் பத்துப் பேர் மறுபடி அப்படியே ஒரு மேடையில் சேர்வது அபூர்வம். ஆகவே, மேலூர்ப் பக்கத்து ஒரு மந்தையில் ஓர் இரவு நடந்த வள்ளி திருமணம் உலகத்தில் வேறெங்கும் நடந்திராதது.

நாடகம் இப்படி ஒரே இரவில் தோன்றி மறைவதால்தான் நோட்டீஸுக்கு இத்தனை மகிமை. ஈயத்தால் எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒவ்வொரு கலைஞரும் தம்முடைய முகத்தின் பிளாக்கைச் செய்வித்து அச்சகத்தில் கொடுத்து வைத்திருப்பார். ஏஜெண்ட் பெயர்களைச் சொன்னதும், அச்சகத்தார் அந்தந்தப் பிளாக்கை எடுத்துப் பூட்டி அச்சேற்றிவிடுவார்கள். ஒரே பிளாக் பல ஆண்டுகள் புழங்கியதால், நடு வயது தாண்டிய நடிகையும் நோட்டீஸில் இளமையாகவே இருப்பார். யாருடைய படம் மேலே, யாருடைய படம் கீழே, யாருக்குப் பெரிய எழுத்து, யாருக்கு என்ன பட்டம் என்பதில் கௌரவப் பிரச்னைகள் எழும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஓர் இடத்தில், பபூனும் டான்ஸும் ஓர் இடத்தில், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாள வாத்தியங்கள்) வாசிப்பவர்கள் ஓர் இடத்தில் என்று காலப்போக்கில் ஒரு முறை ஏற்பட்டதே இந்தப் பிரச்னைகளைத் தவிர்ப்பதற்காகத்தான் என்று தோன்றுகிறது. இவ்வளவு யோசித்துச் செய்த காகிதம், திருவிழா முடிந்த மறுவாரம் ஆடு தின்று தீர்ந்துவிடும். நல்லவேளையாக, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஒருவர் இருந்தார். இளமையில் விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியராக இருந்த அவர், புத்தகங்களோடு பத்திரிகைகளையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் பிறர் குப்பையென்று ஒதுக்கியபோது சேகரித்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. விளம்பர எழுத்தின் அருமை தெரிந்த ஒருவரால்தான் இந்தக் காகிதங்களின் அருமையையும் உணர முடிந்தது.

ஏஜெண்டின் பொறுப்பு நோட்டீஸோடு முடிவதில்லை. நடிகைகள் இரவில் பிரயாணம் செய்து, தெரியாத ஊரில் இறங்கி, ஆண்கள் நிறைந்த கூட்டத்தின் நடுவே நடந்து மேடைக்குப் பின்புறம் போக வேண்டும். நாடகக்காரி என்ற சொல்லுக்கு நம் சமூகம் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கும் இழிவு, வள்ளியைச் சாமியாகவே வணங்கும் ஊரிலும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மேடையில் கையெடுத்துக் கும்பிட்டவனே மேடைக்கு வெளியில் வேறு விதமாகப் பேசுவான். ஆகையால்தான் பொறுப்புள்ள ஏஜெண்ட், வேன் எந்த இடத்தில் நிற்க வேண்டும், அரிதாரம் பூசுவதற்கு எந்தக் குடும்பத்தின் வீட்டைக் கொடுக்க வேண்டும், அந்த வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, விடிந்ததும் யார் வந்து பஸ் ஏற்றிவிடுவார்கள் என்பனவற்றையெல்லாம் முன்பணம் வாங்கும் அன்றே கேட்டு முடிவு செய்துகொள்கிறார். இதைக் கேட்கத் தயங்குகிற ஏஜெண்டுக்கு நல்ல நடிகைகள் தேதி கொடுப்பதில்லை.

அரசியலும் இந்த மேடையிலிருந்து விலகி இருந்ததில்லை. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விசுவநாததாஸ், முருக வேஷத்தில் நின்று தேசியப் பாட்டுகளைப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸார் அவரைப் பின்தொடர்ந்தார்கள். 1940-ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கையில், மயில் வாகனத்தில் முருகனாக வீற்றிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. எந்த இரவிலும் கைதாகக்கூடிய ஒரு நடிகரை ஒப்பந்தம் செய்த ஏற்பாட்டாளர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். நாடகம் நடுவில் நின்றுபோனால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இந்த நாளில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நெருக்கடிகள் வேறு மாதிரியானவை. சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளை இளைஞர்கள் விரும்புகிறார்கள்; அவற்றுக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குகள் வருவதும், ஆபாசம் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு உத்தரவு பிறப்பதும் வழக்கமாகிவிட்டன. பல ஊர்களில் முதியவர்களுக்கு ஓர் இரவு நாடகம், இளைஞர்களுக்கு ஓர் இரவு ஆடல் பாடல் என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். நாடகத்திலேயே பபூனும் டான்ஸும் தோன்றும் முதல் இரண்டு மணி நேரம் நீண்டுகொண்டே போய், கதை நள்ளிரவுக்குமேல் தொடங்குவதும் உண்டு; இதில் ஏஜெண்டுகள் ஊராரின் விருப்பத்துக்கு அளவுக்கு மீறி இணங்கிவிடுகிறார்கள் என்ற குறையை நான் உறுதியாகவே சொல்வேன். ஊர் கேட்பதைக் கொடுப்பது வியாபாரம். ஊருக்கு எது பிடிக்கும் என்பதை ஊரைவிட நன்றாக அறிந்து கொடுப்பது கலை. நல்ல ஏஜெண்டுகள் இந்த இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பங்குனி பிறந்து, நாடகத் தேதிகள் வரிசையாக நிற்கும் சமயம் அது. அந்த ஆண்டின் திருவிழாக்கள் நின்றுபோயின; அடுத்த ஆண்டும் சித்திரையில் மறுபடியும் கட்டுப்பாடுகள் வந்தன. பங்குனியிலிருந்து ஆடி வரையில் சம்பாதிப்பதை வைத்துக்கொண்டு வருஷம் முழுவதும் ஜீவனம் செய்கிற கலைஞர்களுக்கு, அடுத்தடுத்த இரண்டு பருவங்கள் அடிபட்டது எத்தகைய துன்பம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. திருவிழாக்கள் திரும்பியபோது நாடகமும் திரும்பியது என்பது ஆறுதலான செய்தி. மேலூர்ப் பக்கத்தில் நாடகம் வெறும் கேளிக்கையாக இல்லாமல், சாமிக்குச் செய்யும் கடனாகவும் இருப்பது அதற்கு ஒரு காரணம். கடனை நிறுத்திவைக்கலாமேயன்றித் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது என்று ஊரார் நினைக்கிறார்கள்.

நாடகத்தை முழு இரவும் படம்பிடித்து யூடியூபில் போடுவது இப்போது பெருவழக்காகிவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிற பிள்ளைகள் தங்கள் ஊர் நாடகத்தை அங்கிருந்தே பார்க்கிறார்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் ஒரு நாரதரின் பேச்சைக் கேட்டுவிட்டு அவரைத் தங்கள் ஊருக்கு அழைக்கிறார்கள். இதனால் கலைஞர்களின் பெயர் பரவியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதிலிருந்து இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. யூடியூபில் பார்த்த அதே ஜோடி, அதே தர்க்கம், அதே சிரிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஊரார் ஏஜெண்டிடம் வருகிறார்கள். அவர்களிடம், அந்தத் தர்க்கத்தை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள், உங்கள் மந்தைக்கு வேறொன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லும் துணிவு ஏஜெண்டுக்கு வேண்டும். மற்றொன்று பணத்தைப் பற்றியது. கலைஞருக்குப் பேசிய சம்பளம் அன்றிரவு மந்தையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன் நடித்ததற்காக. அதற்குப்பின் லட்சக்கணக்கானவர்கள் பார்த்து, அதனால் வருமானம் வந்தால், அதில் பாடியவருக்கும் பேசியவருக்கும் வாசித்தவருக்கும் பங்கு உண்டா, இல்லையா? படம்பிடிக்க அனுமதி கொடுக்க வேண்டியது ஊரா, கலைஞரா, ஏஜெண்டா? சம்பளம் பேசும்போதே வீடியோவுக்கென்று தனித்தொகை பேசி, அதையும் டைரியில் தேதிக்கு எதிரே எழுதிக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டுவரக்கூடியவர்கள் ஏஜெண்டுகள்தாம். அதற்குக் கட்டுப்பாடு விதிக்கக்கூடியவை சங்கங்கள்தாம். இரு தரப்பாரும் ஐப்பசி கார்த்திகையில், வேலை குறைந்திருக்கும் நாட்களில், ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட்டால், வருகிற பங்குனிக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.